மகள் பதினொன்றாம் வகுப்பு, கையில் இரண்டு ஏக்கர் தேயிலை: கல்லூரிச் செலவுக்கு என்ன வழி?

கோத்தகிரி_இலைக்காரர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு மேலே எங்கள் ஊர். இரண்டு ஏக்கர் தேயிலை, பட்டா என் பெயரில். இலையைத் தனியார் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறோம். நானும் மனைவியும்தான் பறிக்கிறோம். கொழுந்து பெருகும் மாதங்களில் மட்டும் ஆள் கூப்பிடுவோம்.

மகள் தனியார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. மகன் அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. மகளுக்குக் கோவையில் கம்ப்யூட்டர் பொறியியல் படிக்க ஆசை. பெற்றவன் பெருமைக்காகச் சொல்லவில்லை, நன்றாகவே படிக்கிறாள். எங்கள் வீட்டில் என் தகப்பனார் காலம் முதல் பட்டம் வாங்கியவர் எவரும் கிடையாது.

கையிருப்பு என்று பார்த்தால் கூட்டுறவுச் சங்கத்தில் 60,000 ரூபாய் டெபாசிட், ஊர்ச் சீட்டு ஒன்று, மனைவியின் நகை கொஞ்சம். தொழிற்சாலை கொடுத்த போன மாத இலைச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மொத்த எடை, அதில் ஈரத்துக்கென்று ஒரு கழிவு, வண்டி வாடகை, உரத்துக்கு வாங்கிய முன்பணம், அதற்கு முந்தைய முன்பணத்தின் பாக்கி. எல்லாம் போய்க் கடைசி வரியில் நின்ற தொகையில் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கழித்தால், மளிகைக் கடைக்காரர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

மைத்துனர், "சாலையோர அரை ஏக்கரை விற்றுவிடுங்கள், பங்களா கட்ட ஆள் காத்திருக்கிறது" என்கிறார். மாமனார், "கடன் வாங்கிப் படிக்க வைக்காதே, ஊட்டி அரசுக் கல்லூரியில் சேர்" என்கிறார். மகளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. விற்பதா, கடனா, ஊட்டியா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


சிவப்புமண் எழுதியது:

விற்றுவிடுங்கள். தேயிலையில் இனிமேல் என்ன இருக்கிறது? படித்த பெண் திரும்பி வந்து கூடை மாட்டிக்கொண்டு இலை பறிக்கப் போகிறாளா? நிலத்துக்கு இன்று இருக்கும் விலை நாளைக்கும் இருக்கும் என்று எவனும் எழுதிக் கொடுக்கவில்லை.


கேத்தி_காரட் எழுதியது:

சிவப்புமண் அண்ணா, உங்கள் நிலத்தை விற்றாகிவிட்டதா, இன்னும் வைத்திருக்கிறீர்களா? ஊருக்கு உபதேசம் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேத்திப் பள்ளத்தாக்கில் நாங்கள் காரட்டும் பூண்டும் போடுகிறவர்கள். மேட்டுப்பாளையம் மண்டியில் ஒரு வாரம் ராஜா, மறு வாரம் லாரி வாடகைக்கே கையைக் கடிக்கும். எங்களோடு ஒப்பிட்டால் தேயிலை மாதச் சம்பளம் மாதிரி. சின்னச் சம்பளம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தச் சாலையோர அரை ஏக்கர் போனால் மீதி ஒன்றரை ஏக்கருக்கு உரம் இறக்கவும் இலை ஏற்றவும் வழி யாரிடம் கேட்பீர்கள்? வாங்கியவன் கம்பி வேலி போட்ட பிறகு தெரியும்.


ஓய்வூதியர்_குன்னூர் எழுதியது:

தம்பி, நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். நிலப் பேச்சைச் சற்று ஒதுக்கி வையுங்கள். உங்கள் மகளுக்கு அரசு என்ன தருகிறது, வங்கி என்ன தருகிறது என்று பார்த்த பிறகு மிச்சம் எவ்வளவு என்பதுதான் உங்கள் பிரச்சினை. பலர் மொத்தச் செலவையும் தங்கள் தலையில் ஏற்றிக்கொண்டு மிரண்டுபோகிறார்கள்.

முதலில், வீட்டில் பட்டதாரி இல்லை என்கிறீர்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். கலந்தாய்வு மூலம் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் குறையும். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு 2017-ல் கட்டணக் குழு நிர்ணயித்தது 50,000. தர அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு 55,000. ஆகவே பாதிக்குப் பாதி. அரசுப் பொறியியல் கல்லூரியில் கிடைத்துவிட்டால் கட்டணம் ஒரு பேச்சே இல்லை. கோவை தடாகம் சாலையில் இருக்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரியை மகளின் விருப்பப் பட்டியலில் மேலே வைக்கச் சொல்லுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தால் இந்தச் சலுகை கிடையாது. தரகர் ஒருவர் கட்டாயம் வீடு தேடி வருவார், "இடம் பிடித்துத் தருகிறேன்" என்று. டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் அந்தச் சலுகை. மகள் எடுத்துக்கொண்டால் மகனுக்கு இல்லை. கூட்டு உறுதிமொழியில் கையெழுத்துப் போடும்போது நினைவில் வையுங்கள்.

இனிக் கடன். 4 லட்சம் வரை சொந்தப் பங்கும் வேண்டாம், பிணையும் வேண்டாம். அதற்கு மேல் 7.5 லட்சம் வரை கடன் உத்தரவாத நிதி இருப்பதால் நிலப் பத்திரம் கேட்கக் கூடாது. உங்கள் பங்காக 5 சதவீதம் போட வேண்டும். 7.5 லட்சத்தைத் தாண்டினால்தான் பிணை. கல்விக் கட்டணம் மட்டுமல்ல, விடுதி, புத்தகம், தேர்வுக் கட்டணம், மடிக்கணினி எல்லாம் கடனில் அடங்கும். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. திருப்பிக் கட்ட 15 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக்கு, அங்கீகாரம் பெற்ற கல்லூரியாக இருக்கும்பட்சத்தில், அந்தத் தவணை விடுப்புக் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டுகிறது. 2009 முதல் இருக்கும் திட்டம். இன்னொன்று 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி. தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்தரக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு, வருமானம் 8 லட்சம் வரை இருந்தாலும், 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. ஆனால் வேறு அரசு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுகிறவர்களுக்கு அந்த 3 சதவீதம் இல்லை. எது லாபம் என்று கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

கிளை மேலாளர் வாய் வார்த்தையாக "இப்போது கடன் இல்லை" என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து அந்த எண்ணோடு போய் நில்லுங்கள். எழுத்தில் மறுப்புக் கேட்டாலே பாதிப் பேர் படிவத்தை எடுத்து நீட்டிவிடுவார்கள். நாற்காலியின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.


எடப்பள்ளி_அம்மா எழுதியது:

ஐயா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் எல்லோரும் கல்விக் கட்டணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். என் பெண் கோவையில் மூன்றாம் ஆண்டு. கட்டணம் என்னை அழ வைக்கவில்லை. விடுதிதான் அழ வைத்தது. சாப்பாட்டோடு மாதம் 8,000 ரூபாய். அது போக, மலையில் வளர்ந்த பிள்ளைக்குச் சமவெளி வெயிலில் மின்விசிறிக் காற்றும் போதவில்லை. முதல் ஆண்டு உடம்பெல்லாம் வேர்க்குரு. இங்கே போட்ட ஸ்வெட்டரும் கம்பளியும் அங்கே எதற்கு? துணிமணி முழுக்கப் புதிதாக வாங்கினோம். இதை எந்தக் கட்டண விவரத்திலும் போட மாட்டார்கள்.

இன்னொன்று அண்ணா, நீங்கள் இலைக்காரர் என்பதால் சொல்கிறேன். இரண்டாம் பருவத்துக் கட்டணம் எப்போது கேட்பார்கள் தெரியுமா? டிசம்பர், ஜனவரி. நம் மலையில் அப்போது என்ன இருக்கும்? உறைபனி. காலையில் எழுந்து பார்த்தால் பள்ளத்துத் தோட்டம் வெள்ளையாகக் கிடக்கும், வெயில் ஏறியதும் செடி கருகிப்போகும். ஜனவரி முதல் மார்ச் வரை இலைச் சீட்டில் பேருக்கு ஒரு தொகை வரும். அந்த நேரத்தில்தான் கல்லூரியிலிருந்து குறுஞ்செய்தி வரும், கடைசித் தேதிக்குப் பிறகு அபராதம் என்று. முதல் வருடம் என் வளையல் அடகுக் கடைக்குப் போனது அப்படித்தான். வருடத்துக்கு மொத்தமாகப் பார்த்தால் எங்களிடம் பணம் இருந்தது. ஜனவரியில் இல்லை, அவ்வளவுதான்.


கேத்தி_காரட் எழுதியது:

அக்கா சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மலையில் பாதி வீடுகளில் நகை அடகுக்குப் போவது தை மாதத்தில்தான்.


கோத்தகிரி_இலைக்காரர் எழுதியது:

அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. ஜூன் மாதத்தை மட்டும் மனதில் வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது கொழுந்து வரும், சமாளிக்கலாம் என்று.

ஐயா, ஊர்க் கூட்டுறவில் எனக்கு ஒரு பயிர்க்கடன் இருக்கிறது. நிலுவை இல்லை, ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்கிறேன். அது கல்விக் கடனுக்குத் தடையாகுமா?


ஓய்வூதியர்_குன்னூர் எழுதியது:

ஒழுங்காகப் புதுப்பிக்கும் கடன் தடையாகாது. கல்விக் கடனில் மாணவிதான் கடன்தாரர், நீங்கள் இணைக் கடன்தாரர். உங்கள் பெயரில் தவறிய தவணை இருந்தால்தான் வம்பு.


மஞ்சூர்_ஆசிரியர் எழுதியது:

அரசுப் பள்ளி ஆசிரியர் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மகன் ஐந்தாம் வகுப்பு என்றீர்கள். அவனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லையே?

மகளின் கணக்கு ஏறக்குறைய முடிவாகிவிட்ட கணக்கு. மகனின் கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. வரும் ஜூனில் ஆறாம் வகுப்பை அரசுப் பள்ளியில் தொடங்கி பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கேயே படித்தால், மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவனுக்குத் திறக்கும். அந்த ஒதுக்கீட்டில் இடம் பிடித்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் அனைத்தையும் அரசே ஏற்கிறது. மேற்கொண்டு தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் கணக்குக்கு வரும். பெண் பிள்ளைகளுக்கு 2022-ல் புதுமைப் பெண்ணாகத் தொடங்கியது, ஆண் பிள்ளைகளுக்கு 2024-ல் வந்தது.

நம் மாவட்டத்தில் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு. ஊட்டியிலும் குன்னூரிலும் மிஷன் காலத்துப் பள்ளிகள் பல உதவி பெறுபவை. அங்கே படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் கிடையாது. தமிழ் வழியில் படித்திருந்தால் மாதம் 1,000 மட்டும் உண்டு. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் அரசுப் பள்ளிக் கணக்கிலேயே வரும். ஆறு முதல் பன்னிரண்டு வரை ஒரே ஒரு வகுப்பைத் தனியாரில் கட்டணம் கட்டிப் படித்திருந்தாலும் சான்றிதழ் வாங்க முடியாது.

நம் மக்கள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு ஆண்டுகள் தனியார் பள்ளிக்குக் கட்டுகிறார்கள். கட்டி முடிக்கும்போது கல்லூரிக்கு வைத்திருக்க வேண்டிய பணமும் போயிருக்கும், அரசு தர வேண்டிய இடமும் போயிருக்கும்.


சிவப்புமண் எழுதியது:

ஆசிரியர் ஐயா, உங்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படித்தார்கள்?


மஞ்சூர்_ஆசிரியர் எழுதியது:

நான் வேலை பார்த்த பள்ளியிலேயே. இருவரும். கேட்டதற்கு நன்றி, இந்தக் கேள்விக்காகவே பல வருடங்களாகக் காத்திருந்தேன்.


எடப்பள்ளி_அம்மா எழுதியது:

ஆசிரியர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. எங்கள் ஊரிலிருந்து அரசு மேல்நிலைப் பள்ளிக்கு முதல் பஸ் ஏழு மணிக்கு, மாலையில் திரும்ப ஆறு மணி ஆகிவிடும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீடு வரை தோட்டத்து வழி. கரடி நடமாட்டம் இருக்கிறது, காட்டெருமை பகலிலேயே சாலையில் நிற்கிறது. தனியார் பள்ளி வேன் வீட்டு வாசலுக்கு வருகிறது. அந்த வேனுக்காகவே பலர் கட்டணம் கட்டுகிறார்கள், ஆங்கிலத்துக்காக அல்ல.


மஞ்சூர்_ஆசிரியர் எழுதியது:

கரடிக்கு என்னிடம் பதில் இல்லை அம்மா. ஒன்று செய்யலாம். ஒரே ஊரில் நான்கைந்து பெற்றோர் சேர்ந்து ஜீப் பேசிக்கொண்டால் தனியார் பள்ளிக் கட்டணத்தில் ஒரு பங்குதான் ஆகும். குந்தா பக்கம் அப்படி ஓடுகிறது. ஆனால் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன் கணித ஆசிரியர் இருக்கிறாரா, இயற்பியல் ஆசிரியர் இருக்கிறாரா என்று நேரில் போய்க் கேளுங்கள். காலிப் பணியிடம் இருக்கும் பள்ளியில் 7.5 சதவீதத்தை நம்பிச் சேர்த்துவிட்டு மதிப்பெண் வரவில்லை என்றால் பயன் இல்லை. இதையும் நானே சொல்லிவிடுகிறேன்.


கூடலூர்_பெண் எழுதியது:

பட்டா கையில் இருப்பதால் இவ்வளவு நிம்மதியாகப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் வந்து பாருங்கள். பழைய ஜமீன் மாதிரியான ஜென்மி நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள, கூடலூர் ஜென்மம் ஒழிப்புச் சட்டம் 1969-ல் வந்தது. அதன் பதினேழாம் பிரிவில் மாட்டிய நிலங்களில் தாத்தா காலம் முதல் குடியிருந்தும் பட்டா இல்லை. என் அண்ணன் மகனுக்கு வெளிமாநிலக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது, 7.5 லட்சத்தைத் தாண்டிய செலவு. வங்கியில் பிணை கேட்டார்கள். நிலம் இருக்கிறது, வீடு இருக்கிறது, மிளகுக் கொடி இருக்கிறது, காகிதம் இல்லை. மேலாளர் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

கடைசியில் என்ன செய்தோம் என்றால், கேட்கும் தொகையையே 7.5 லட்சத்துக்குள் சுருக்கினோம். வெளிமாநிலத்தை விட்டுவிட்டுக் கலந்தாய்வில் கிடைத்த கல்லூரியில் சேர்த்தோம். பையன் ஒரு மாதம் என் அண்ணனோடு பேசவில்லை. இப்போது பேசுகிறான், நன்றாகவும் படிக்கிறான். ஆனால் பட்டா இருந்திருந்தால் எங்கே படித்திருப்பான் என்ற எண்ணம் எங்களை விட்டுப் போகவில்லை.

கோத்தகிரி அண்ணா, அரை ஏக்கர் பட்டாவை அத்தனை சுலபமாக விற்கச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், கூடலூரில் ஒரு மாதம் குடியிருந்துவிட்டு வரச் சொல்லுங்கள்.


கேத்தி_காரட் எழுதியது:

நிலத்தை விற்க வேண்டாம், அதில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களை விற்கலாமே? வரப்பு ஓரத்தில் நாற்பது ஐம்பது மரம் நிற்குமே.


கோத்தகிரி_இலைக்காரர் எழுதியது:

முப்பது சொச்சம் நிற்கிறது. எனக்கும் அந்த யோசனை வந்தது.


ஓய்வூதியர்_குன்னூர் எழுதியது:

மலைப் பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-ஐ மறந்துவிடாதீர்கள். சொந்த நிலத்து மரமானாலும் அனுமதி இல்லாமல் கோடரி வைக்க முடியாது. வெட்டுவதாக இருந்தால் வெகு முன்னதாகவே மனுக் கொடுங்கள். கல்லூரி சேர்க்கைக்கு முந்தைய மாதம் போய் நின்றால், மகள் பட்டம் வாங்கும்போது அனுமதி வரும்! நிழல் போனால் தேயிலைக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.


டான்டீ_பேரன் எழுதியது:

என் தாத்தாவும் பாட்டியும் 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவர்கள். அப்பாவும் அம்மாவும் டான்டீயில், அதாவது அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில், இலை பறித்தவர்கள். நான் முதல் பட்டதாரி. கல்விக் கடனில் படித்து, இப்போது கோவையில் வேலை பார்த்து, கடனை முடித்துவிட்டேன். கடன் என்றால் பயப்படுகிறவர்களுக்காக அண்ணாவின் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன்.

விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு ஒன்றரை லட்சம், நான்கு ஆண்டுக்கு 6 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம். படிக்கும் நான்கு ஆண்டும் அடுத்த ஓராண்டும் ஒரு காசு கட்டாமல் விட்டால், தனி வட்டி மட்டும் 2,10,000 ரூபாய் ஏறும். கடன் 8,10,000 ஆகிவிடும். பத்து ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 10,700 ரூபாய். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணின் சம்பளத்தில் இது பெரிய கடி.

அதே கடனுக்கு வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிக்கொண்டே வந்தால், முதல் ஆண்டு மாதம் 1,250 ரூபாய், அடுத்த ஆண்டு 2,500, பிறகு 3,750, நான்காம் ஆண்டிலும் காத்திருப்பு ஆண்டிலும் 5,000. அப்போது வேலைக்குப் போகும்போது நிற்பது 6 லட்சம்தான், தவணை சுமார் 7,930. வட்டியைப் படிக்கும்போதே கட்டினால் ஒரு சதவீதம் குறைத்துத் தரும் வங்கிகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் அந்த 1,250-க்கும் வழி இல்லை. ஆனால் வருமானச் சான்றிதழ் வரம்புக்குள் இருந்ததால் வட்டி மானியம் வந்தது. வந்தது என்று சொல்கிறேனே தவிர, தானாக வரவில்லை. வங்கிதான் கோர வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் அம்மா கிளைக்குப் போய், மானியத்துக்கு அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வருவார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவரைப் பார்த்ததுமே அங்கிருந்த எழுத்தர் என் கோப்பை எடுத்து வைத்துவிடுவாராம்.

ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியைப் பற்றி மாமனார் சொன்னதையும் தட்டிக் கழிக்காதீர்கள். வெள்ளைக்காரக் கலெக்டர் சலிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸில் நடக்கும் கல்லூரி அது. செலவு சொற்பம், பெண்களுக்கு விடியல் பயணம் 2024-ல் மலைக்கும் வந்துவிட்டதால் அரசு நகரப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. என்னோடு பள்ளியில் படித்தவன் அங்கே கணிதம் முடித்து, போட்டித் தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போய்விட்டான். அவனுக்குக் கடனே இல்லை. ஆனால் உங்கள் பெண் கேட்பது கம்ப்யூட்டர் பொறியியல். விருப்பம் இல்லாத படிப்பில் மிச்சம் பிடித்த பணம் மிச்சமாகாது.


சிவப்புமண் எழுதியது:

சரி, சரி. நான் விற்கச் சொன்னதை விட்டுவிடுங்கள். என் கேள்வி வேறு. எனக்கு இரண்டு வயதுப் பேத்தி. அவளுக்கு என்ன செய்யலாம்?


ஓய்வூதியர்_குன்னூர் எழுதியது:

அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புத் திட்டம். பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், பெற்றோர்தான் தொடங்க முடியும், தாத்தா பணம் கொடுக்கலாம். 15 ஆண்டுகள் கட்டினால் போதும், கணக்கு 21 ஆண்டுகள் ஓடும். இப்போதைய வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு மாற்றலாம். இதே வட்டி நீடித்தால், மாதம் 1,000 ரூபாய் பதினைந்து ஆண்டில் ஏறக்குறைய மூன்றரை லட்சமாகும். பதினெட்டு வயதானாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். முழுத் தொகையும் கல்லூரி வாசலில் கிடைக்கும் என்று நம்பி உட்காரக் கூடாது, மீதி பிறகுதான். பேரனாக இருந்தால் பொன்மகன் பொது வைப்பு நிதி.


கூடலூர்_பெண் எழுதியது:

சிவப்புமண் ஐயா நிலத்தை விற்கவில்லை என்பது இப்போது தெரிகிறது.


கேத்தி_காரட் எழுதியது:

அண்ணா, ஒன்று விட்டுப்போயிற்று. உங்கள் தோட்டம் கடைசியாகக் கவாத்து வெட்டி, அதாவது செடியை உயரம் குறைத்து வெட்டி, எத்தனை வருடம் ஆகிறது?


கோத்தகிரி_இலைக்காரர் எழுதியது:

நான்கு வருடம். அடுத்த வருடம் வெட்ட வேண்டும்.


கேத்தி_காரட் எழுதியது:

அடுத்த வருடம்தானே மகள் பன்னிரண்டாம் வகுப்பு! அதைத் தள்ளிப்போட்டு அவள் கல்லூரியில் சேரும் வருடம் வெட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கவாத்து வெட்டிய செடியில் மூன்று மாதத்துக்கு இலையே இல்லை, அந்த வருடம் முழுக்க மகசூல் குறைவு. இரண்டாம் மூன்றாம் வருடத்தில்தான் நன்றாகத் தரும். என் மாமா தேயிலைக்காரர், அவர் ஒரு ஏக்கரை இந்த வருடம், மறு ஏக்கரை அடுத்த வருடம் என்று பிரித்து வெட்டுவார். நீங்கள் ஒரு ஏக்கரை இந்த வருடமே வெட்டிவிட்டால், கல்லூரி முதல் வருடத்தில் அது முழுவீச்சில் இருக்கும்.


எடப்பள்ளி_அம்மா எழுதியது:

இதைவிட நல்ல யோசனை வங்கியிலும் கிடைக்காது. ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம்.


ஓய்வூதியர்_குன்னூர் எழுதியது:

கோபம் எதற்கு? முப்பது வருடம் தேயிலை மாவட்டத்தில் கடன் கொடுத்தேன், எவரிடமும் கவாத்து எப்போது என்று கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி.


கோத்தகிரி_இலைக்காரர் எழுதியது:

நேற்று இரவு வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினேன், மகளையும் சேர்த்து. அவளுக்குக் கணக்கைக் காட்டியதும், "இதை ஏன் இவ்வளவு நாள் மறைத்தீர்கள்?" என்று கேட்டாள். டான்டீ பேரன் தம்பி போட்ட வட்டிக் கணக்கை அவளே காகிதத்தில் திரும்பப் போட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றாள்.

நிலம் விற்கவில்லை. மைத்துனரிடம் சொல்லியாகிவிட்டது, அவருக்கு வருத்தம்தான். மேல் ஏக்கரை வரும் மாதமே கவாத்து வெட்டப் போகிறேன், கீழ் ஏக்கர் அடுத்த வருடம். கலந்தாய்வில் அரசுக் கல்லூரி கிடைத்தால் விடுதிக்கு மட்டும் கடன், சுயநிதிக் கல்லூரி என்றால் 6 லட்சத்துக்குள் கடன். வட்டியை நாங்கள் கட்டுவோம், அசலை அவள் கட்டுவாள் என்று பேசிக்கொண்டோம். சங்கத்தில் இருக்கும் 60,000-ஐ எடுத்து, டிசம்பரில் முதிரும்படி ஓராண்டு டெபாசிட்டாக மாற்றுகிறேன். ஒவ்வொரு வருடமும் மே, ஜூன் இலைப் பணத்தில் அதை நிரப்ப வேண்டும். அந்தப் பணத்தைத் திருவிழாவுக்கும் தொடக்கூடாது என்று மனைவி உத்தரவு.

மகன் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. திங்கட்கிழமை அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போய்க் கணித ஆசிரியர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வருகிறேன். மனைவிக்கு அரை மனதுதான். கரடிதான் அவளுக்கும் பிரச்சினை.

கடைசியாக ஒரு சந்தேகம். வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளலாமா?


ஓய்வூதியர்_குன்னூர் எழுதியது:

வேண்டாம் தம்பி, அது ஓராண்டுக்குத்தான் செல்லும். மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த கையோடு விண்ணப்பியுங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழை மட்டும் இப்போதே வாங்குங்கள். அதற்குத் தாத்தா பாட்டி, அண்ணன் அக்கா வரை விவரம் கேட்பார்கள், நேரம் எடுக்கும். மகள் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கி ஆதாரை இணைத்துவிடுங்கள். பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பெயரும் முதலெழுத்தும் ஆதாரில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.


கோத்தகிரி_இலைக்காரர் எழுதியது:

பார்த்தேன் ஐயா. ஆதாரில் முதலெழுத்தே இல்லை. நாளைக் காலை கோத்தகிரி போகிறோம்.